தூத்துக்குடியில் தொடங்கிய யாழ்ப்பாண முற்றுகை

1658 ஜூன் பிற்பகுதியில் யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்த போர்ச்சுகீசியர் டச்சுக்காரரிடம் சரணடைந்தனர். 1505-ல் இலங்கையில் கால்வைத்தவர்களுக்கு அதன்பிறகு அந்தத் தீவில் ஒரு சாண் நிலமும் மிஞ்சவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீண்ட அந்த முற்றுகையின் கதை பெரும்பாலும் கோட்டை மதிலைச் சுற்றியே சொல்லப்படுகிறது. படையெடுப்பு தொடங்கியதோ கடலுக்கு இக்கரையில், மதில்கூட இல்லாத தூத்துக்குடியில். அங்கிருந்து மன்னார், மாந்தை, பூநகரி, ஊர்காவற்றுறை என்று ஒவ்வொன்றாகக் கைப்பற்றிய பிறகே யாழ்ப்பாணம் வீழ்ந்தது. இந்த வரிசைதான் டச்சுக்காரரின் வெற்றி. இதில் பாதியை அவர்களுக்கு முன்பே போர்ச்சுகீசியர் நூறு ஆண்டுகளாகத் தோற்றும் வென்றும் கற்றிருந்தார்கள். கற்றதைத் தற்காப்புக்குப் பயன்படுத்தத்தான் அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே கிடப்பது ஒரே தன்மையுள்ள கடல் அல்ல. தெற்கே உள்ள மன்னார் வளைகுடா கரையோரப் பார்களைத் தாண்டியதும் ஆழமாகிவிடும். வடக்கே உள்ள பாக் குடாவில் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது. இரண்டையும் பிரித்துக்கொண்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார்வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு மணல் திட்டுகள் கிடக்கின்றன. ராமர் பாலம், ஆதாம் பாலம் என்று இரண்டு மதத்தாரும் பெயர் வைத்திருக்கும் திட்டுகள். இதைக் கடக்க அன்று இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று பாம்பன், அது பாறை அடர்ந்த நீர்வழி. ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் வெட்டி ஆழப்படுத்தும்வரை சிறு படகுகளே அதில் போக முடியும். மற்றது மன்னார்த் தீவுக்கும் இலங்கைப் பெருநிலத்துக்கும் இடையிலான ஆழமற்ற கால்வாய். ஆழ்கடலில் ஓடக் கட்டிய ஐரோப்பியக் கப்பல் எதுவும் இந்த இரண்டு வழியிலும் நுழைய இயலாது. கொழும்பிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வரும் பெரிய கப்பல் யாழ்ப்பாணம் போக வேண்டுமானால் இலங்கையை முழுதாகச் சுற்றிவர வேண்டும். இல்லையேல் மன்னாரில் ஆட்களை இறக்கி நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.

நடை என்பதும் எளிதல்ல. மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்திலுள்ள மாந்தையிலிருந்து பூநகரிவரை கடற்கரையை ஒட்டிச் சுமார் 80 கிலோமீட்டர். இலங்கையிலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று அது. முள்ளும் குறுங்காடும், இடையிடையே உவர்நிலம். பறங்கியாறு, பாலியாறு போன்றவை மாரியில் கரைபுரண்டு வழியை மறிக்கும், கோடையில் மணலாகிவிடும். படை நடத்துவோருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: ஆற்றைக் கடக்க எளிதான பருவத்தில் குடிக்கத் தண்ணீர் குறைவு, தண்ணீர் நிறைந்த பருவத்தில் ஆற்றைக் கடக்க முடியாது. இரண்டுக்கும் இடைப்பட்டது மாரி ஓய்ந்து ஆறு வடிந்திருக்கும், கிணறும் குளமும் இன்னும் வற்றாத காலம். தை பிற்பகுதியிலிருந்து பங்குனிவரை என்று அதை வைத்துக்கொள்ளலாம்.

வழி முடிகிற பூநகரியில் எதிரே யாழ்ப்பாணக் கடனீரேரி. பார்வைக்கு அகலமான கடல்; உள்ளே இறங்கினால் பல இடங்களில் ஆள் உயரம்கூட இல்லை. கழி ஊன்றித் தள்ளிப்போகும் தட்டையான வள்ளங்களுக்கு அது சாலை, பாய்க்கப்பலுக்குச் சேறு. அக்கரையில் கொழும்புத்துறை, அங்கிருந்து யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூர் சிறிது நேர நடைதான். கிழக்கே சுற்றிப் போனால் ஆனையிறவின் ஒடுங்கிய நிலம். மேற்கே தீவுகளுக்கிடையில் ஊர்காவற்றுறை. ஆழமான கப்பல் அண்டக்கூடிய, யானைகள் ஏற்றுமதியான துறை அது. ஆக, யாழ்ப்பாணத்துக்கு வெளியார் உள்ளே வரவும் உதவி வந்து சேரவும் வாசல்கள் மிகச் சிலவே. வாசல்களைப் பிடித்தவன் உள்ளே இருப்பவனோடு சண்டையிட வேண்டிய அவசியமே இல்லை.

நிலத்தைப் போலவே காற்றும் கணக்கில் சேர வேண்டும். சோழகமும் கச்சானும் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் தெற்கிலிருந்து அலை ஏறும். ஐப்பசியிலிருந்து வாடையும் மழையும். இரண்டு காற்றுக்கும் நடுவே, மாசி முதல் சித்திரைவரை, கடல் அடங்கி நீர் தெளியும். முத்துக்குளிப்பு நடப்பதும் அப்போதுதான். சம்மாட்டிகள் தோணிகளைச் செப்பனிட்டு, ஆட்களையும் கல்லையும் கயிற்றையும் சேர்த்து, முத்துப்பார்களை நோக்கிப் புறப்படத் தயாராகும் அதே வாரங்களில்தான் படையெடுப்பும் சாத்தியம். முத்துக்குளித்துறையைப் பிடிப்பவன் முத்தை மட்டும் பிடிப்பதில்லை. சரியான பருவத்தில் சரியான கரையில் கூடி நிற்கும் ஆழமற்ற படகுகளையும், பார் எது, திட்டு எது, வழி எது என்று உள்ளங்கையைப் போல அறிந்த பரதவரையும் சேர்த்துப் பிடிக்கிறான். அரசாங்க ஆவணங்கள் முத்தின் வருமானத்தைப் பக்கம் பக்கமாகக் கணக்கெழுதின. படகின் மதிப்பை எழுதியது குறைவு. போரில் பெரிது இரண்டாவதுதான்.

மூன்றாவது, சோறு. இக்கரையின் கடலோரம் செம்மண் தேரியும் பனையுமாகக் கிடப்பது. இன்றைய நாசரேத் இருக்கும் வட்டாரம் (அந்தப் பெயரே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவ மிஷன் இட்டது) பனைக்குப் பேர்போனது. நெல் தாமிரபரணிப் பாசனத்திலிருந்து வர வேண்டும். அந்த நிலம் மதுரை நாயக்கர் கையில் இருந்தது. அக்கரையில் யாழ்ப்பாணமும் தன் நெல்லில் மட்டும் வாழ்ந்த ஊரல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து, முக்கியமாக நாகப்பட்டினத்திலிருந்து, அரிசி போயிற்று. எனவே கடலுக்கு இருபுறமும் படையை வைத்திருப்பவன் இன்னொருவனுடைய வயலை நம்பியே இருந்தான்.

இத்தனையையும் பார்க்காமல் போர்ச்சுகீசியர் போட்ட ஒரு திட்டம் 1545-ல் கரையைவிட்டே கிளம்பவில்லை. முந்தைய ஆண்டு மன்னாரில் கிறித்தவம் தழுவிய சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி கொல்வித்தான். அப்போது முத்துக்குளித்துறையில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியார் தண்டனைப் படையெடுப்பைக் கேட்டார். நாகப்பட்டினத்தில் படை திரட்ட ஏற்பாடாயிற்று. அதற்குள் பர்மாவிலுள்ள பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்ச்சுகீசியக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி நின்றது. சரக்கு அரசன் கையில். போர் தொடுத்தால் சரக்கு போய்விடும் என்று படையெடுப்பைக் கைவிட்டார்கள். நோக்கம் எது என்று தீர்மானிக்காமல் திரட்டிய படை இப்படித்தான் கலையும்.

1560-ல் நடந்தது இதற்கு நேர்மாறு. கோவாவின் வைஸ்ராய் கான்ஸ்டன்டினோ டி பிரகன்சா தானே பெரிய கப்பற்படையோடு வந்தார். வேண்டிய ஆளும் ஆயுதமும் இருந்தன. கரையிறங்கி நல்லூரைப் பிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. சங்கிலி தலைநகரை விட்டுவிட்டு உள்நாட்டுக்குள் போனான். பின்தொடர்ந்த படை வழியும் உணவும் தெரியாமல் களைத்தது. உடன்படிக்கை ஏற்பட்டது, திறைப்பணம் பேசப்பட்டது. வைஸ்ராய் வென்றுவிட்டதாக எண்ணி ஆட்களை ஆங்காங்கே பிரித்து நிறுத்தியிருந்தபோது நாடே எழுந்தது. சிதறி நின்றவர்கள் கொல்லப்பட்டனர்; மிஞ்சியவர்களைக் கப்பலேற்றுவதே பெரும்பாடாயிற்று. தலைநகரைப் பிடித்தது நாட்டைப் பிடித்ததாகாது என்பதோடு இன்னொன்றும் தெளிவானது: தரையில் நிற்கும் படைக்கும் கடலில் நிற்கும் கப்பலுக்கும் இடையில் ஆழமற்ற நீர் கிடந்தால், கப்பலின் பீரங்கியால் தரைப்படைக்குப் பயனில்லை.

திரும்பும் வழியில் பிரகன்சா செய்த வேலைதான் நிலைத்தது. மன்னார்த் தீவைப் பிடித்து, பெருநிலத்தைப் பார்த்த கால்வாய்க் கரையில் கோட்டை கட்டினார். அதே ஆண்டில் நாயக்கர் படை புன்னைக்காயலைத் தாக்கியிருந்தது. நாசரேத்துக்குக் கிழக்கே தாமிரபரணி கடலில் கலக்கும் அந்த ஊர்தான் அப்போது முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியரின் தலைமையிடம். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களை ஆக்கிய அண்ட்ரிக் அடிகளார் பணி செய்த இடமும் அதுவே. தரைப்பக்கம் திறந்து கிடந்த ஊரைக் காக்க முடியாது என்று பரதவக் குடும்பங்கள் பலவற்றை மன்னாருக்குக் குடிபெயர்த்தார்கள். தண்ணீர் சூழ்ந்த இடம் பாதுகாப்பு என்ற கணக்கு காகிதத்தில் சரி. ஆனால் மக்களின் பார்களும் உறவும் சந்தையும் இக்கரையில் இருந்தன. சில பத்தாண்டுகளில் பெரும்பாலோர் திரும்பிவிட, தூத்துக்குடி தலைமையூர் ஆனது. கோட்டை மட்டும் மன்னாரில் நின்றது.

அந்தக் கோட்டையின் பலன் தெரிய முப்பது ஆண்டு பிடித்தது. 1591-ல் ஆந்த்ரே புர்தாடோ டி மென்டோன்சா மன்னாரைத் தளமாக்கிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்கு உதவிக்கு வந்திருந்த கோழிக்கோட்டுச் சாமூத்திரியின் கப்பல்களை முதலில் ஒழித்தார். அதன்பிறகு கொழும்புத்துறையில் இறங்கி நல்லூருக்கு நடந்தார். அரசன் புவிராஜ பண்டாரம் கொல்லப்பட்டான், எதிர்மன்னசிங்கம் அரியணையேற்றப்பட்டான். 1619-ல் பிலிப் டி ஒலிவேரா மன்னார்ப் பக்கமிருந்து தரைவழியாகவே பூநகரிக்கு வந்து கடனீரேரியைத் தாண்டினார். அப்போது ஆண்ட சங்கிலி குமாரன் இந்தியக் கரைக்குத் தோணியில் தப்ப முயன்றபோது காற்று எதிர்த்தது, பிடிபட்டான். அரசும் முடிந்தது. பின்பு தஞ்சை நாயக்கர் யாழ்ப்பாணத்தை மீட்க அனுப்பிய படைகள் துணிச்சலாகப் போரிட்டும் நிலைக்கவில்லை. கடலைத் தாண்டி வந்தவர்களுக்குத் தங்க ஒரு கோட்டையும் இல்லை, பின்னால் வரிசையாக உதவி வரும் ஏற்பாடும் இல்லை. ஒலிவேரா தலைநகரை நல்லூரிலிருந்து கடனீரேரிக் கரைக்கு மாற்றி, அங்கே கோட்டை எழுப்பினார். கப்பலிலிருந்து வாழும் ஆட்சிக்கு நீரோரம்தான் சரி.

டச்சுக்காரரின் முதல் பாடம் திருச்செந்தூரில். காயல்பட்டினத்தில் அவர்கள் வைத்த பண்டகசாலைக்கு ஏற்பட்ட எதிர்ப்பைத் தண்டிக்க 1648-49-ல் வந்த படை திருச்செந்தூர் முருகன் கோயிலைப் பிடித்து, அதையே அரணாக்கித் தங்கியது. கடலை ஒட்டிய கல்கட்டடம். கப்பலிலிருந்து எளிதில் எட்டலாம். படைக்கணக்கில் பார்த்தால் தேர்வு தவறல்ல. ஆனால் திருமலை நாயக்கர் நாட்டின் நடுவே, அந்நாட்டார் வழிபடும் கோயிலில் உட்கார்ந்துகொண்டு அரிசியும் தண்ணீரும் யாரிடம் கேட்பது? தங்க முடியவில்லை, கோயிலைச் சேதப்படுத்தி, திருமேனிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். கடலில் இடப்பட்ட திருமேனி வடமலையப்ப பிள்ளையால் 1653-ல் மீட்கப்பட்டது என்பது ஊரறிந்த வரலாறு. படைத்துறை நோக்கில் இது ஒரு வெறும் சூறை. அடுத்த முறை டச்சுக்காரர் நாயக்கரின் நிலத்தைத் தொடாமல் போர்ச்சுகீசியரின் துறையை மட்டும் குறிவைத்தார்கள்.

அடுத்த முறை 1658. அதற்கு முன் 1656 மே மாதம், ஏறக்குறைய ஏழு மாத முற்றுகைக்குப் பின் கொழும்பு அவர்கள் கையில் விழுந்திருந்தது. டச்சுத் தளபதி ஹுல்ஃப்ட் அதில் உயிரிழந்தார். கொழும்பை டச்சுக்காரர் தனக்குத் தருவார்கள் என்று நம்பியிருந்த கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கன், அது நடக்கவில்லை என்றதும் பகைவனானான். ஆகவே வடக்கே போகும் படை பின்னாலும் ஒரு கண் வைக்க வேண்டும், கோட்டைகளில் காவலும் விட்டுச்செல்ல வேண்டும். கையிலிருந்த ஆட்களைக் கொண்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்ய இயலாது என்பதே டச்சுப் படைத்தலைவர் ரைக்லோஃப் வான் கூன்ஸ் தீட்டிய திட்டத்தின் அடிப்படை. போரின் மிக முக்கியமான பகுதி யாழ்ப்பாணத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நடந்தது: கோவா துறைமுகத்தின் வாயிலில் ஒவ்வொரு பருவத்திலும் டச்சுக் கப்பல்கள் வந்து மறித்து நின்றன. கோவாவிலிருந்து உதவி கிளம்பாவிட்டால் இலங்கையில் உள்ள கோட்டை எதுவும் கையிருப்பைத் தின்றுதீர்க்கும் கோட்டையே.

ஆண்டின் தொடக்கத்தில் வான் கூன்ஸ் தூத்துக்குடியை அடைந்தார். அங்கிருந்த போர்ச்சுகீசியப் படகுகளை ஒழித்து ஊரைப் பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மன்னாருக்கு உதவி போகக்கூடிய மிக அருகிலான துறை அடைபட்டது. தன் பெரிய கப்பல்கள் நெருங்க முடியாத கரைகளுக்கு ஏற்ற கலங்கள் இருக்கும் துறையும் கைக்கு வந்தது. படையோடு வந்த போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ் பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய நூலே இந்தப் படையெடுப்புக்கு முதன்மைச் சான்று. வென்ற பக்கத்தின் குரல் என்பதை மறக்காமல் வாசிக்க வேண்டியது.

பிப்ரவரியின் மூன்றாம் வாரம் கப்பல்கள் மன்னாருக்கு முன் நின்றன. இலங்கையில் மிஞ்சிய போர்ச்சுகீசியருக்குத் தலைவரான அந்தோனியோ அமரால் டி மெனேசெஸ் யாழ்ப்பாணத்திலிருந்து தானே வந்து, கரையில் அகழி வெட்டி ஆட்களை நிறுத்தியிருந்தார். கரையிறங்கும்போதுதான் எதிரி பலவீனன், அங்கேயே அடிக்க வேண்டும் என்ற அவருடைய கணிப்பைக் குறைசொல்ல முடியாது. போர்நூல் படித்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். பிழை வேறிடத்தில். இரண்டாவது தற்காப்பு வரிசை எதுவும் அவரிடம் இல்லை. மணலில் வெட்டிய அகழி கப்பல் பீரங்கிக்கு எதிரே நின்றது. படகுகள் எந்த இடத்தில் கரையேறும் என்பதைத் தீர்மானிக்கும் வசதி டச்சுக்காரரிடம் இருந்தது. அமரால் சண்டையில் விழுந்தார். எஞ்சியவர்கள் கால்வாயைத் தாண்டி யாழ்ப்பாணத்தை நோக்கி ஓடினார்கள். பிப்ரவரி 22-ல் மன்னார்க் கோட்டை சரணடைந்தது. கால்வாயில் படகுகளையும் பூநகரி வழியில் காட்டையும் ஆறுகளையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தாமதப்படுத்தியிருக்கக்கூடிய படை, ஒரே கரையில் ஒரே நாளில் செலவழிந்துபோயிற்று. அது வெறும் வாரக்கணக்கு அல்ல: இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தால் கடலில் சோழகம் எழும்பியிருக்கும், வழியில் கிணறு வற்றியிருக்கும்.

வான் கூன்ஸ் காத்திருக்கவில்லை. மாந்தையிலிருந்து படை தரைவழியே நடந்தது. ஒலிவேரா 1619-ல் போன அதே வழி. யாழ்ப்பாணத்தை எப்படிப் பிடிப்பது என்று போர்ச்சுகீசியர் உலகுக்குக் காட்டியிருந்தார்கள். அதே வழியில் தங்களைப் பிடிக்க ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்துப் பூநகரிக் கடவையில் அவர்கள் வலுவான தடை வைத்திருக்கவில்லை. மார்ச்சில் டச்சுப் படை கடனீரேரிக்கு அப்பால் நின்றது. போர்ச்சுகீசியர் ஊரைக் காக்க முயன்று, முடியாமல், கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். போர்வீரர் மட்டுமல்ல, குடும்பங்களும் உள்ளே அடைந்தன. அரிசிக் கணக்கு அன்றே எழுதப்பட்டுவிட்டது.

கோட்டையை மோதி உடைக்கும் எண்ணத்துக்கு முன் டச்சுக்காரர் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைக் கவனித்தார்கள். காரைநகருக்கும் வேலணைத் தீவுக்கும் இடையே, கப்பல் உள்ளே வரும் வழியின் நடுவில் ஒரு திட்டின்மேல் போர்ச்சுகீசியர் கட்டியது அது. நாற்புறமும் கடல், சுவரைச் சுற்றி நடக்கக்கூட இடமில்லாத கட்டு. படகில் நெருங்குபவன் மதிலடியில் கால்வைக்கத் தரை இல்லை. ஏணி சாத்தவும் இடமில்லை. நேராகத் தாக்கினால் எத்தனை பேர் செத்தாலும் பிடிபடாத இடம். ஆனால் உள்ளே ஊற்று கிடையாது. தொட்டியில் தேக்கிய நன்னீர்தான் உயிர். டச்சுக்காரர் அந்த நீரை அழித்தார்கள். சுற்றிலும் கடல்நீர் இருக்க, சுமார் இரண்டு வாரத்தில் தாகத்தால் கோட்டை பணிந்தது. அரண் எத்தனை வலுவானதோ அத்தனை தூரம் நன்னீரை விட்டு விலகியும் இருந்தது. இடத்தைத் தேர்ந்தவர் பீரங்கியின் பார்வையை அளந்தார், குடத்தை அளக்கவில்லை. பின்பு டச்சுக்காரர் இதே கோட்டையைத் தாங்கள் எடுத்துக் கட்டியபோது மழைநீர்த் தொட்டியில் கவனம் வைத்தார்கள்.

ஊர்காவற்றுறை போனதும் யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கடல்வழி இல்லை. நாகப்பட்டினம் இன்னும் போர்ச்சுகீசியரிடம் இருந்தது. அங்கே அரிசியும் இருந்தது. கொண்டுவந்து சேர்க்க வழியில்லை. ஏப்ரல், மே, ஜூன் என்று பசியும் நோயும் கோட்டைக்குள் வேலை செய்தன. மதிலில் பெரிய உடைப்பு ஏற்பட்டு வாளோடு பாய்ந்த காட்சி எதுவும் இந்த முற்றுகையில் இல்லை. உதவி வராது என்பது உறுதியான நாளில் கோட்டை திறக்கப்பட்டது.

அடுத்தது நாகப்பட்டினம். ஜூலை 23-ல் அது டச்சுத் தளபதி ஜான் வான் டெர் லானிடம் பணிந்தது. யாழ்ப்பாணத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தை ஏன் தொடவில்லை என்ற கேள்வி எழும். கையிலிருந்த படையை இரண்டாகப் பிரிக்காமலிருக்கத்தான் என்று தோன்றுகிறது: வழியை அடைத்தபின் களஞ்சியம் யார் கையில் இருந்தால் என்ன? செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரரைக் கொல்ல ஒரு சதி உருவாகி, முன்கூட்டியே வெளிப்பட்டு ஒடுக்கப்பட்டது. 1560-ல் பிரகன்சாவுக்கு நேர்ந்தது திரும்ப நடக்கவிருந்தது. இம்முறை காவற்படை சிதறி நிற்காமல் கோட்டைக்குள் இருந்தது.

தூத்துக்குடி அதன்பின் கொழும்பு டச்சு ஆளுநரின் கீழ் வந்தது. கடலின் இரு கரையும் ஒரே நிர்வாகத்தில் வைக்கப்பட்டதற்கு முத்துப்பார்கள் வெளிப்படையான காரணம். 1658-ல் கண்ட படைக்கணக்கும் அதற்குள் இருந்தது. யாழ்ப்பாணக் கோட்டை 1680-ஐ ஒட்டி ஐங்கோணமாகத் திருத்திக் கட்டப்பட்டது. மன்னாரும் ஊர்காவற்றுறையும் வலுப்பெற்றன. ஆனையிறவுப் பக்கத்திலும் பூநகரியிலும் சிறு கோட்டைகள் நின்றன. போர்ச்சுகீசியர் திறந்துவிட்ட வாசல்கள் எல்லாவற்றுக்கும் கதவு போட்டாயிற்று. நூற்று முப்பத்தேழு ஆண்டு கழித்து ஆங்கிலேயர் தெற்கேயிருந்து வரவில்லை. திருகோணமலையைப் பிடித்துக்கொண்டு கர்னல் ஸ்டூவர்ட் வடகிழக்கிலிருந்து பருத்தித்துறைப் பக்கம் வந்தார். கதவு போட்ட வழி ஒன்றையும் அவர் தொடவில்லை. 1795 செப்டம்பர் 28-ல் ஐங்கோணக் கோட்டை சண்டையில்லாமல் சரணடைந்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 5-ல், மன்னாரும்.